காலேஜ் ரோடு வாத்தியார்கள்

சென்னை நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒரு சாலை. மழை வருமா வராதா என்று சொல்லும் வானிலை மையம், ஊர் ஊராய் ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து இறங்கும் சங்கர நேத்ராலயா, பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரி எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். 'காலேஜ் ரோடு' என்ற பெயரே அந்தப் பெண்கள் கல்லூரியால்தான் வந்தது என்று நம் வாலிபர்கள் திடமாக நம்புகிறார்கள். (அந்த ரோட்டில் அவர்கள் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்!)

இல்லை ஸார். பெண்கள் கல்லூரி ஆரம்பித்தது 1915-ல். பெயர் அதைவிடப் பழசு. 1812-ல் எல்லிஸ் துரை முன்னின்று தொடங்கிய 'புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி'தான் பெயருக்குக் காரணம். டிரான்ஸ்ஃபர் கேட்டு ஆசிரியர்கள் ஃபைலும் கையுமாக நடக்கிற டி.பி.ஐ. வளாகம் இருக்கிறதே (2022 முதல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்), அதுதான் அந்தக் கல்லூரி குடியிருந்த இடம். அங்கே மாணவர்கள் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார இளவட்டங்கள். பாடம்? தமிழ், தெலுங்கு முதலான நம்ம ஊர் பாஷைகள். சொல்லிக் கொடுத்தவர்கள் நம்ம ஊர் முன்ஷிகள்.

இருநூறு வருஷம் கழித்தும் அந்த ரோட்டில் அதே வியாபாரம் நடக்கிறது, சரக்கு மட்டும் திசை மாறிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். தோளில் லேப்டாப் பை, முகத்தில் மேனேஜர் திட்டின களைப்பு, இந்தக் கோலத்தில் ஒரு கூட்டம் அலியான்ஸ் ஃபிரான்சேஸுக்குள் நுழையும். 1953-ல் ஆரம்பித்த இடம். ஊர் சென்னையாகி இத்தனை வருஷமாகியும் தன் பெயரில் 'மெட்ராஸ்' என்பதை விடாமல் வைத்திருக்கிற நல்ல மனசு. பக்கத்திலேயே ரட்லண்ட் கேட் பகுதியில் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ்முல்லர் பவன். (மாக்ஸ்முல்லர் ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனாலும் இந்தியாவில் ஊருக்கு ஊர் அவர் பெயரில் பவன்! நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு ரேஷன் கார்டு வாங்க நாக்குத் தள்ளுகிறது.) நுங்கம்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டி அந்தப் பக்கம் சூளைமேட்டுக்குப் போனால் ஜப்பானிய மொழி.

நான் பி.காம். கணக்கு வழக்கு பார்க்கிற புத்தி. அதனால் இந்த வட்டாரத்தில் சில மாதங்கள் மாலை வேளைகளில் சுற்றியபோது, வெளிநாட்டு மொழி சொல்லித் தருகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சின்ன வயசிலிருந்தே ஃபிரெஞ்சு வாத்தியார் ஆகணும்னு கனவு" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

ஒரு அம்மணி. ஃபிரெஞ்சு. பிளஸ் டூவில் தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று அப்பா ஃபிரெஞ்சில் தள்ளிவிட்டார். அப்புறம் என்னைப் போலவே பி.காம். மூன்று வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடித்திருக்கிறார். இப்போது பெரியவர்களுக்கு வகுப்பு. ஃபிரெஞ்சுக்காரன் எழுபதை 'அறுபது - பத்து' என்பான். எண்பதை 'நாலு இருபது' என்பான். தொண்ணூற்றொன்பது வேண்டுமா? 'நாலு இருபது பத்தொன்பது!' பஸ்ஸில் சில்லறை கேட்பதற்குள் ஸ்டாப் போய்விடும். வகுப்பில் ஒரு இளைஞர், "இது என்ன மேடம் அநியாயம்?" என்றிருக்கிறார். அம்மணி அசரவில்லை. "தமிழ்ல எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு. நூறே இன்னும் வரலே, அதுக்குள்ள அதுல 'நூறு' எப்படி வந்துது? எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" வகுப்பு கப்சிப். "ஆடிட்ல கத்துக்கிட்டது சார் இது. அடுத்தவன் கணக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நம்ம லெட்ஜரைப் பாத்துடணும்" என்றார் என்னிடம்.

இன்னொருவர் ஜப்பானிய மொழி. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் இருந்தவர். இளவயதில் கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியது. அங்கே அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை 'அபுநாய்'. கையை மெஷினுக்குள் விடப் போனபோது ஃபோர்மேன் போட்ட கத்தல். அர்த்தம், 'ஆபத்து!' "நம்ம ஊர்ல கேட்ல நாய்கள் ஜாக்கிரதைன்னு போர்டு வெக்கறோமில்ல? அதை நெனைச்சுக்குங்க, மறக்கவே மறக்காது" என்று இன்றைக்கும் முதல் வகுப்பை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அடுத்த சூட்சுமம்: "இங்கிலீஷ்ல யோசிச்சு ஜாப்பனீஸ் பேசாதீங்க. தமிழ்ல யோசிங்க. நமக்கும் அவனுக்கும் வினைச்சொல் கடைசியிலதான் வரும்." பதினைந்து நாள் இலக்கணத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார் மனுஷர்.

இது இவர் ஒருவர் கதை மட்டுமில்லை. சூளைமேட்டில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் நிறுவனத்தின் பெயர் ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோஸோகாய். 'தோஸோகாய்' என்றால் பழைய மாணவர் சங்கம்! ஏ.ஓ.டி.எஸ். என்பது 1959-ல் ஜப்பானில் ஆரம்பித்த அமைப்பு. வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஆட்களை அழைத்துப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. அப்படிப் போய்த் திரும்பியவர்கள் இங்கே கூடி வைத்த சங்கம்தான் பள்ளிக்கூடமாகவும் ஆனது. நாமெல்லாம் பழைய மாணவர் சங்கம் வைத்தால் வருஷத்துக்கு ஒரு பிரியாணியோடு சரி.

மூன்றாமவர் மாஜி பேங்க் அதிகாரி. 2000-2001-ல் பேங்குகளில் வி.ஆர்.எஸ். அலை அடித்ததே, அதில் வெளியே வந்தவர். மகன் ஜெர்மனியில். பேத்தி தாத்தாவோடு தமிழில் பேச மறுத்து, ஜெர்மனில் மட்டும் சண்டை போட்டிருக்கிறாள். "பதிலுக்குச் சண்டை போடணுமே, அதுக்காகக் கத்துக்கிட்டேன்" என்றார். இப்போது வீட்டு மொட்டை மாடியில், ஜெர்மனிக்குப் போகத் தயாராகும் நர்ஸுகளுக்கு அரிச்சுவடி. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ரெண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் "நானும் அதைத்தாம்மா கேட்டேன், எனக்கும் யாரும் சொல்லலே. வாங்க, சேர்ந்து மனப்பாடம் பண்ணலாம்" என்கிறார். அந்தப் பெண்கள் அவரை 'சார்' என்பதில்லை, 'தாத்தா' என்கிறார்கள்.

சரி, இப்படித் தொழில் மாறி வந்த ஆசாமிகள் நம்ம ஊரில் மட்டும்தானா?

1878-ல் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு மொழிப் பள்ளி ஆரம்பித்தார். உதவிக்கு ஜோலி என்று ஒரு ஃபிரெஞ்சுக்காரரை அமர்த்தினார். வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது! இந்த நேரம் பார்த்து பெர்லிட்ஸுக்கு உடம்பு படுத்துவிட்டது. 'பொருளைக் காட்டி எப்படியாவது ஒப்பேற்று' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்துப் பயந்துகொண்டே வந்து எட்டிப் பார்த்தால், மாணவர்கள் உற்சாகமாக ஃபிரெஞ்சில் அளவளாவிக்கொண்டிருக்கிறார்கள். உலகம் பூராவும் பெர்லிட்ஸ் பள்ளிகள் முளைத்த கதை இது.

அந்தப் பள்ளிகளில் ஒன்று, ட்ரியெஸ்ட் என்ற துறைமுக நகரில். 1905-ல் அங்கே இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்த அயர்லாந்து இளைஞரின் பயோடேட்டாவைப் பாருங்கள்: மருத்துவம் படிக்கப் பாரிஸ் போய் பாதியில் விட்டவர்; நன்றாகப் பாடுவார்; இடையில் ரோமுக்குப் போய் பேங்க் குமாஸ்தா உத்தியோகமும் பார்த்துவிட்டு 1907-ல் திரும்பி வந்து ட்யூஷன் எடுத்தார். நம் கோஷ்டிதான்! பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ். அவரிடம் இங்கிலீஷ் கற்க வந்தவர்களில் ஒருவர் நடுத்தர வயது பெயின்ட் வியாபாரி. அந்த வியாபாரி முன்பு ரெண்டு நாவல் எழுதி, சீந்துவார் இல்லாமல் பேனாவை மூடி வைத்தவர். வாத்தியார் அவற்றைப் படித்துவிட்டுப் பாராட்டினார். 1923-ல் அந்த மாணவர், இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில், மறுபடி ஒரு நாவலோடு வந்தார். இத்தாலிய இலக்கியத்தில் இன்றும் அது பெரிய பெயர். வேறெந்த இங்கிலீஷ் வாத்தியார் சேர்ந்திருந்தாலும் வியாபாரிக்கு இங்கிலீஷ் வந்திருக்கும். நாவல் வந்திருக்குமா?

காலேஜ் ரோட்டுக்கே திரும்புவோம். அங்கேயும் இதே சங்கதிதான். கோட்டைக் கல்லூரி முன்ஷிகள் செய்யுளில் ஊறிய பண்டிதர்கள். எதிரே உட்கார்ந்திருப்பதோ 'ழ' சொல்லச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் துரைமார். நாலடியாரை நீட்டினால் நடக்குமா? அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளை எளிய தமிழ் வசனத்தில் எழுதினார். 1826-ல் அச்சேறியது. அன்னியனுக்குப் பாடம் சொல்லப் போய் நமக்கு ஒரு உரைநடை நூல் கிடைத்தது! பண்டிதர்களோடு பழகிப் பழகித்தான் எல்லிஸும் தெலுங்கு, தமிழ், கன்னடம் முதலானவை சமஸ்கிருதத்திலிருந்து வராத தனிக் குடும்பம் என்று 1816-ல் அச்சில் எழுதினார். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால். ஒரு மொழிப் பள்ளியின் ஆசிரியர் அறையில் விளைந்த பயிர் அது.

அதே கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை, வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் தென்மாவட்டங்களில் அலைந்தார். 1822-ல் அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அந்த வீரமாமுனிவர் யார்? முப்பது வயதுக்கு மேல் தமிழ் படித்த இத்தாலியர். தனக்குப் பின்னால் வரும் பாதிரிமார்களுக்காக லத்தீனில் பேச்சுத் தமிழ் இலக்கணம் எழுதினார். நாம் சிரித்துச் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதைகூட, அந்தப் புது ஆட்கள் படித்துப் பழக எழுதின பயிற்சிப் பாடம்தான். பிறந்த குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது என்று அதற்கே தெரியாது. முப்பதில் படித்தவனுக்குத்தான் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் வழுக்கல் என்று ஞாபகம் இருக்கும்.

என் கணக்கு இங்கேதான் டேலி ஆகிறது. பெரியவர்களுக்கு மொழி சொல்லித் தருகிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதுதான். அதோடு, வளர்ந்த வயதில் வாயடைத்து நின்ற அனுபவமும் வேண்டும். மெஷின் ஷாப்பும் ஆடிட்டர் ஆபீஸும் பேத்தியின் சண்டையும் அதைத்தான் கொடுத்திருக்கின்றன. பழைய தொழில் வீண் போகவில்லை, அதுதான் அவர்களுடைய முதல்.

ஆனால் ஊர் இவர்களுக்குப் போடும் மதிப்பெண் வேறு. மணிக் கணக்கில் சம்பளம். பேட்ச் சேர்ந்தால் உண்டு, சேராவிட்டால் அந்த மாதம் ஈரத்துணி. மூன்று வருஷ ஃபிரெஞ்சு அனுபவத்தோடு பெண் பார்க்கப் போன ஒரு பையனை, வருங்கால மாமனார் கேட்டாராம்: "அது சரி மாப்ளே, வேலைக்கு என்ன பண்றீங்க?" இருநூறு வருஷம் முன்பு துரைமார் படித்து முடித்துக் கலெக்டரானார்கள், ஜட்ஜானார்கள். சொல்லிக் கொடுத்த முன்ஷிகளில் நாலைந்து பேரைத் தவிர மற்றவர் பெயர் யாருக்கு ஞாபகம்?

நீங்களும் ஒருநாள் சேரத்தான் போகிறீர்கள். ஆன்சைட் ஆசையோ, அக்கா வீட்டு ஜெர்மன் விசாவோ, ஏதோ ஒன்று இழுக்கும். "இருபத்தெட்டு வயசாச்சு, இனிமேலா?" என்று தயங்காதீர்கள். எதிரே நிற்கிற வாத்தியாரே அதற்கு மேல்தான் ஆரம்பித்திருப்பார்.

எந்த மொழியானாலும் முதல் வாரப் பாடம் ஒன்றுதான்: என் பெயர் இன்னது, நான் இன்ன வேலை பார்க்கிறேன். வாத்தியார் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார். அக்கவுண்டன்ட், இன்ஜினீயர், நர்ஸ் என்று எல்லோரும் திக்கித் திணறிச் சொல்வீர்கள். அதற்கு அடுத்த வரி, 'நீங்கள்?' என்று எதிராளியைத் திருப்பிக் கேட்பது. அது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் வாத்தியாரைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேளுங்கள். அன்றைக்கு இலக்கணம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ஃபீஸ் வசூலாகிவிடும்!