ஒரு புள்ளி போதும் என்று சொன்ன வாத்தியார்



அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். வெளியே ஒரே பனி. நேற்று பேரன், "தாத்தா, எங்க ஊர்ல யாரும் மறக்காத மேட்ச்" என்று பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். நம் ஊர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. சீசன் முடிந்ததும் புத்தாண்டையொட்டி நல்ல கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களுக்கு 'பௌல்' என்று பெயர். இது 1984 ஜனவரி 2-ல் மயாமியில் நடந்த ஆரஞ்சு பௌல்.

நெப்ராஸ்கா அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடத்தில் இருந்தது. எதிரணி மயாமி, சொந்த மைதானம். நெப்ராஸ்கா 0-17 என்று பின்தங்கி, 17-17 என்று எட்டிப் பிடித்து, மறுபடி 17-31 என்று விழுந்தது. நட்சத்திர வீரர் மைக் ரோசியர் காயம்பட்டு வெளியேறிவிட்டார். அவர் இடத்தில் ஆடிய ஜெஃப் ஸ்மித், 48 விநாடி மீதமிருக்கும்போது ஓடிப்போய் எல்லையைத் தொட்டார். 30-31.

இங்கேதான் விஷயம். எல்லையைத் தொட்டால் ஆறு புள்ளி. பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் ஒன்று. அது சுலபம். உதைக்காமல், மூன்று கெஜத்திலிருந்து மறுபடி எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு. அது கஷ்டம். அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமன் என்றால் சமன்தான். தேசிய சாம்பியன் யார் என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள். தோற்காத அணி என்பதால், சமன் செய்தாலே பட்டம் அநேகமாக நெப்ராஸ்காவுக்குத்தான். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னுக்கு அது முதல் பட்டமாக இருந்திருக்கும்.

பேரன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான். "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க தாத்தா?"

"இதென்னடா கேள்வி? உதைக்கத்தான் சொல்லியிருப்பேன்."

ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து ஸ்மித்தை நோக்கி வந்தது. மயாமியின் கென்னி கால்ஹூன் விரலால் தட்டிவிட்டார். அவ்வளவுதான். பட்டம் மயாமிக்குப் போய்விட்டது.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு குறுவட்டக் கபடிப் போட்டி ஞாபகம் வந்தது. நாம் ஒரு புள்ளி முன்னிலை, கடைசி ரெய்டு. நம் எட்டாம் வகுப்புப் பையன் பாடிப் போகிறான். நான் வெளியிலிருந்து கத்தினேன்: "யாரையும் தொட வேணாம்டா, கோட்டைத் தாண்டிட்டுத் திரும்பிடு!" சொன்னபடி செய்தான். ஜெயித்தோம். எல்லோரும் குதித்தார்கள். அவன் மட்டும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒருத்தனைத் தொட்டிருப்பேன் சார்" என்றான். நான் சிரித்துவிட்டு, "ஜெயிச்சாச்சுல்ல, போடா" என்றேன்.

நான் சொன்னது தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. ஆனால் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கபடியில் மட்டுமா? எத்தனை பேரிடம், "கிடைச்சதை விட்டுடாதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்! உங்கள் பயத்தைவிட என் பயம்தான் அதில் அதிகம் என்று இப்போது தெரிகிறது.

ஆஸ்போர்ன் பதினோரு வருஷம் கழித்து, 1995 ஜனவரி 1-ல், அதே மைதானத்தில் அதே மயாமியை 24-17 என்று வென்று முதல் பட்டம் வாங்கினார். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் தோற்ற அந்த ஆட்டத்தையும் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பெயர் போடவில்லை. அன்றைக்கு யாரைத் தொட்டிருப்பாய்? இப்போதாவது சொல்லு, கேட்கிறேன்.