இரவு 11.47

கடன் கொடுத்த நிதி நிறுவனம் தாக்கல் செய்த ஜி.பி.எஸ். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: கிழக்குக் கடற்கரைச் சாலை, கட்டுமாவடி, இரவு 11.47, வண்டி நின்றிருந்தது. எதிர்த்தரப்பின் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நின்றது. தவணை கட்டாமல் வண்டியை ஒளித்து வைத்திருந்தார், நள்ளிரவில் ஆளில்லாமல் சாலையோரம் கிடந்த வண்டியை அமைதியாக எடுத்து வந்தோம், யாரையும் மிரட்டவில்லை என்றார்கள்.

என் கட்சிக்காரர் கட்டுமாவடிக்காரர். சொந்தமாக ஒரு மினி லாரி. பின்னால் பெட்டி கட்டி, ஐஸ் போட்டு மீன் ஏற்றுவார். ஓட்டுவதும் அவரே. 2023 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வழக்கமான மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். அதற்கு அவர் வண்டியில் பாதிப் பெட்டிகூட நிறையாது. இரண்டு டியூ நின்றுபோனது. தடை முடிந்து சில வாரங்களில், விடியற்காலை ஏலம் முடிந்து, மீன் ஏற்றி, சாவியைத் திருப்பினால் இன்ஜின் எடுக்கவில்லை. பேட்டரியைப் பார்க்கலாம் என்று இறங்கும்போதே மூன்று பேர் வந்து நின்றார்கள்.

“வண்டியில மீன் இருக்கு, இறக்கிட்டு எடுத்துட்டுப் போங்கன்னு கெஞ்சினேன் சார். கேக்கல. மீனோட தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். நிறுவனத்தின் யார்டில் ஐஸ் உருகி மீன் அழுகியது. அந்தச் சரக்குக்கு அவர் வியாபாரிகளிடம் கடன் சொல்லியிருந்தார்.

இன்ஜின் ஏன் எடுக்கவில்லை என்பது அவருக்கு அன்று தெரியாது. கடன் கொடுக்கும்போதே டேஷ்போர்டுக்குள் பொருத்திய கருவியில் ஒரு ரிலே உண்டு. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் திரையில் தட்டினால் அது ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டித்துவிடும். பயணிகள் வாகனங்களுக்கு இடங்காட்டும் கருவி வேண்டும் என்று 2016-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் சேர்க்கப்பட்டது. அதன் நோக்கம் பயணிகளின் பாதுகாப்பு. ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தானும் அதில் உண்டு. இந்த மீன் வண்டியில் இருந்தது கடனைப் பாதுகாக்க வைத்த கருவி. சட்டம் கேட்டு வைத்ததல்ல.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். ‘இது வணிக வாகனம், இவர் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபம் முதலில் வந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கத்தில், சுயதொழிலால் பிழைக்க மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று இருக்கிறது. தானே ஓட்டும் ஒரே வண்டி என்பதால் ஆட்சேபம் நிற்கவில்லை.

11.47 மட்டும் நின்றது. அந்த நேரத்தில் தான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் வண்டி வாசலில் நின்றதாகவும் அவர் உறுதியாகச் சொன்னார்; ஆனால் அதற்குச் சாட்சி அவர் மனைவிதான். தாக்கலானது இரண்டு பக்கச் சுருக்கம். முழுப் பதிவையும் கேட்டோம், மறுத்தார்கள். அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 14 அன்று சொன்னது இங்கே உதவியது. மின்னணு ஆவணத்துக்கு, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம். ஆவணம் பிறர் கையில் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால், அதை வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம். நிறுவனத்தின் கிளை மேலாளர் கொடுக்கும் சான்றிதழ் போதாது, சர்வரை நடத்தும் நிறுவனமே தர வேண்டும் என்று மனுப் போட்டோம். ஆணையம் உத்தரவிட்டது.

வந்தது கட்டுக்கட்டாகக் காகிதம். அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், இன்ஜின் சாவி நிலை, ரிலே நிலை, எத்தனை செயற்கைக்கோள்கள் தெரிந்தன என்பது வரை இருந்தது. இந்தக் கருவி செயற்கைக்கோளிடம் எதுவும் சொல்வதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம் வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. நேரத்தையும் அந்தச் சமிக்ஞையிலிருந்தே எடுக்கிறது. அது உலகப் பொது நேரம்.

பிடிபட்டது ஒரு டீசல் பில்லில். பில்லில் அச்சான நேரம் அதிகாலை 4.20. பதிவில் வண்டி அதே பங்க்கில் நின்ற நேரம், முந்தைய தேதியில், இரவு 10.50. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம், உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள அதே இடைவெளி. அதை எல்லா வரிகளிலும் கூட்டினோம். இரவு 11.47 என்பது மறுநாள் காலை 5.17 ஆயிற்று. ஏலம் முடிந்து மீன் ஏறும் நேரம் அது. அந்த வரியிலேயே சாவி ‘ஆன்’, ரிலே ‘துண்டிப்பு’ என்று இருந்தது. ஆளில்லாத வண்டியில் சாவியைத் திருப்பியது யார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஒளித்து வைத்தார் என்ற குற்றச்சாட்டும் அதே காகிதத்தில் உடைந்தது. மற்ற மாதங்களில் வண்டி வீட்டிலிருந்து ஐஸ் பிளான்டுக்கும், அங்கிருந்து மீன் ஏலத்துக்கும் தினமும் ஒரே தடத்தில் போய் வந்திருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை பெரும்பாலும் வாசலில் நின்றிருக்கிறது. தடைக்காலத்தை அவர் சொல்லியபோது நம்பாதவர்கள் வைத்த கருவியே அதை எழுதி வைத்திருந்தது. எந்த நாளும் திரையில் தெரிந்த வண்டி எப்படி ஒளிந்த வண்டியாகும்?

சட்டம் புதிதல்ல. வாகனக் கடனை வசூலிக்க அடியாட்களை ஏவக் கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று பிரகாஷ் கௌர் வழக்கில் 2007-லேயே தீர்ப்பு உண்டு. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன் தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 5.17-க்கு வண்டியையே எடுத்திருக்கிறார்கள்.

நிலுவையைக் கட்டியதும் வண்டியைத் திருப்பித் தரவும், மீனின் மதிப்பையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது. வண்டி ஓடாத நாட்களின் வருமானத்தை நாங்கள் கேட்ட அளவுக்கு ஏற்கவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வண்டியோடு கருவியும் திரும்பி வந்தது. கடன் தீரும்வரை கழற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் எங்கே போகிறார், எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதெல்லாம் இன்னொருவர் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். ஜாமீனில் வந்தவரின் நடமாட்டத்தைக் காவல்துறை இடைவிடாமல் கண்காணிக்கும்படி நிபந்தனை போடுவது அந்தரங்க உரிமையை மீறும் என்று ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 8-இல். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள அந்தக் காப்பு, இரண்டு டியூ நின்ற மீன் வண்டிக்காரருக்கு இல்லையா? எங்கள் வழக்கில் அதைத் தீர்மானிக்க வேண்டிய தேவை வரவில்லை. அடுத்து இப்படி ஒரு வண்டிக்காரர் வந்தால், மனுவின் முதல் பத்தியே அதுவாகத்தான் இருக்கும்.