ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு

தங்கையோடு கொடைக்கானல் போனபோது, பெட்டியில் புடவைகளுக்கு அடியில் என் கான்வாஸ் ஷூவையும் வைத்திருந்தேன். பார்த்ததும் அவளுக்குக் கோபம்.

"63 வயசாச்சு! போன வருஷம் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நாலு மாசம் கிடந்தியேக்கா, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. மதுரைத் தார் ரோட்டில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் ஓடியதற்குக் கிடைத்த தண்டனை அது. தொடைச் சதை வலுவாக இருந்தால்தான் முழங்கால் தாங்கும் என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கி, மெல்ல மெல்லத் தேறினேன்.

மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-ல் உண்டாக்கிய ஏரி இது. சுற்றிலும் ரோடு சுமார் 5 கிலோமீட்டர். காலை 6 மணிக்குத் தண்ணீர் மேல் பனிமூட்டம், குதிரைக்காரர்கள்கூட வந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து இறங்கும் சரிவில் நடந்தேதான் போனேன். இறக்கத்தில்தானே முழங்காலுக்கு அடி அதிகம்! கீழே, உடம்பு சூடாகும் வரை பத்து நிமிஷம் நடை. பிறகு இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. 7000 அடி உயரமல்லவா, மூச்சு சீக்கிரமே வாங்கியது.

பாதி தூரத்தில் முழங்கால் சுருக்கென்றது. பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். நின்றுவிட்டேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது. மிச்ச தூரம் நடைதான். 93 வயதில் ஓட ஆரம்பித்த மன் கௌர் பாட்டி, 2017-ல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினாரே, எனக்கென்ன அவசரம்?

அறைக்கு வந்ததும் தங்கை என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

"நாளைக்கு நானும் வரேன்க்கா. ஆனா நடக்கத்தான்!"