ஒரு தாயின் சித்தமும் அவள் மக்களும்

மனநோயைப் பொருளாகக் கொண்ட கதைகளில், நோயாளியின் பிதற்றலைச் சித்திரிப்பதில் ஆசிரியர்கள் காட்டும் உற்சாகத்தில் காற்பங்குகூட, அவருக்குச் சோறு வடித்துப் போட்டு, அவர் கண்ணயரும் வரையில் தாமும் விழித்திருக்கும் குடும்பத்தாரிடம் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனத்தாங்கல். ஜெர்ரி பிண்டோ ஆங்கிலத்தில் எழுதி 2012-இல் வெளிவந்த ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’ என்னும் நாவல் அதைப் பெரிதும் தீர்த்துவைத்தது.

பம்பாயில், மாஹிமில், ஒரே படுக்கையறை கொண்ட சிறு வீட்டில் வசிக்கும் கோவா கத்தோலிக்கக் குடும்பம் அது. ‘எம்’ என்று மக்கள் அழைக்கும் தாய் இமெல்டாவுக்கு, உன்மத்தமான உற்சாகமும் அடிகாணாத துக்கமும் மாறிமாறி வரும் வியாதி. உற்சாகம் மேலிட்டால், பீடியும் தேநீருமாக உட்கார்ந்து, பெற்ற பிள்ளைகளிடம் எந்தத் தாயும் சொல்லக் கூசும் அந்தரங்கங்களையெல்லாம் அவிழ்த்துக் கொட்டி அவர்களைச் சிரிக்கவைப்பாள், துக்கம் கவிந்தாலோ உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிவாள், பிறகு ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் 33-ஆம் வார்டுதான் கதி. தகப்பனார் அகஸ்டின், விதியை நொந்துகொள்ளாமல், வேலைக்குப் போய்வந்து, மருந்துக்கும் மருத்துவருக்கும் வழிசெய்து, வீடு என்ற ஒன்று மறுநாளும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். (இத்தகைய மனிதரைக் கதாநாயகராக்க நம் சினிமாவுக்கு ஒருநாளும் துணிவு வராது.)

தன்னைப் பிரசவித்த பிறகே தாயின் சித்தம் கலங்கிற்று என்பதை மகன் அவள் வாயாலேயே அறிகிறான். தாயின் சாயல் தமக்கு வாய்த்திருப்பதாக உறவினர் சொல்லக் கேட்டு ஊரார் பிள்ளைகள் பூரித்துப்போக, அவளிடமிருந்து இன்னும் என்னென்ன தனக்கு வந்திருக்குமோ என்று இவன் மட்டும் தன் மனத்தையே வேவு பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. அவளை நேசிக்கும்போதே அவளைப்போல் ஆகிவிடுவோமோ என்று நடுங்கும் இந்த இரட்டை அவஸ்தைதான் நாவலின் ஜீவன் என்பேன்.

இதைப் படிக்கையில் தமிழில் நினைவுக்கு வருவது நம் எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ நாவல்; 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. செவிக்குள் ஓயாது குரல்கள் ஒலிக்கும் ஒரு குடும்பஸ்தரின் கதை. ஆசிரியர் தாமே அனுபவித்த வேதனையிலிருந்து பிறந்தது. தகப்பனின் காதுக்குள் அமர்ந்து எழுதப்பட்டதாகையால், மனைவி மக்கள் அந்த இரைச்சலுக்கு வெளியே ஒதுங்கி நிற்க நேர்ந்தது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பேனாவை எடுத்திருந்தால், அப்பா யாரோடு பேசுகிறார் என்று அடுக்களையில் கேட்டதற்குத் தாய் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்பதையும் நாம் படித்திருக்கக்கூடும். தமிழில் அந்த நாவலைத்தான் நான் இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.