மிளகாய்த் தீவில் பத்து ஏர் நிலம்

என் மைத்துனர் ஒரு யோசனை சொன்னால் அதில் லாபம் நிச்சயம் இருக்கும். அது யாருக்கு என்பதுதான் கடைசி வரை தெரியாது! அவர்தான் அந்தப் படத்தை அனுப்பினார். பச்சைப் படிக்கட்டு போல வயல்கள், பின்னால் நீலமாய் ஒரு மலை.

"அத்தான், ரிடையர்மென்ட் பணத்தை பாங்க்கிலே தூங்க வைக்காதீங்க. இந்தோனேசியாவிலே லொம்போக்னு ஒரு தீவு. பாலிக்குப் பக்கத்து வீடு மாதிரி. பத்து ஏர் வளைச்சுப் போட்டா வில்லா கட்டி வாடகைக்கு விடலாம்!"

ஏர் என்றதும் எனக்குக் காளை மாடு ஞாபகம்தான் வந்தது. அப்புறம்தான் நம் பட்டாவில் ஹெக்டேருக்கு அடுத்த கட்டத்தில் இருக்கிற ஏர் என்று உறைத்தது. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர். பத்து ஏர் என்றால் ஏறக்குறைய 25 சென்ட்.

"கத்திரிக்காயே அழுத்திப் பார்த்துத்தான் வாங்கறோம். போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி.

பாலியிலிருந்து விமானத்தில் அரை மணி. இறங்கினதும் வாங்குகிற விசாவுக்குத் தலைக்கு ஐந்து லட்சம் என்றார்கள். மயக்கம் போடாதீர்கள், ரூபியாவில்! நம் பணத்தில் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும். முப்பது நாள் இருக்கலாம். லட்ச ரூபியா ஒரே நோட்டாகவே வருகிறது. வாழ்க்கையில் முதல் முறையாகச் சட்டைப் பையில் சில லட்சங்களோடு டாக்ஸி ஏறினேன்.

பிராயா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். கடைசி அரை மணி ஏற்றம். 3,726 மீட்டர் உயர ரிஞ்சானி எரிமலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது தெத்தெபத்து கிராமம். 2021-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் தேர்வுக்கு இந்தோனேசியா அனுப்பிய மூன்று ஊர்களில் இதுவும் ஒன்று. பரிசு ஜாவாவின் ஙிலாங்கெரானுக்குப் போய்விட்டது. தோற்றதும் நல்லதற்குத்தான். ஊர் இன்னும் ஊராகவே இருக்கிறது.

தங்கின வீட்டுக்காரர் சாசக் இனத்தவர். விவசாயி. பின்கட்டில் நாலு அறை கட்டி விருந்தாளிகளுக்கு விட்டிருக்கிறார். என்னை மரியாதையாக "பாக்" என்றார்; மனைவியை "இபு" என்றார். "வெத்தலை இல்லாத வெறும் பாக்கு!" என்று இபு சிரித்தாள். வாசலில் நாலு கால் நட்டு, கூரை வேய்ந்து, இடுப்புயரத்தில் ஒரு மேடை. பெருகாக் என்கிறார்கள். நம் திண்ணையைப் பெயர்த்துத் தோட்டத்தில் வைத்த மாதிரி. பேச்சு, காபி, தூக்கம், பஞ்சாயத்து எல்லாம் அதில்தான்.

லொம்போக் என்றால் இந்தோனேசிய மொழியில் மிளகாய். நேராக என்ற பொருள்படும் சாசக் சொல்லிலிருந்துதான் தீவின் பெயர் வந்தது என்றார் வீட்டுக்காரர். சாப்பாட்டைப் பார்த்தால் முதல் அர்த்தமே சரியாகப் படுகிறது! பெலெசிங் கங்குங் என்று வள்ளைக்கீரையை வேகவைத்து, மேலே தக்காளி மிளகாய்த் துவையல். கண்ணில் நீர் வர வர இன்னும் கேட்கிறது நாக்கு. சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தத் துவையலில் தெராசி என்கிற இறால் விழுது இருக்கும். "தன்பா தெராசி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தெராசி இல்லாமல் செய்து தருவார்கள்.

மழையில்லாத மாதங்கள், மே முதல் செப்டம்பர் வரை, போக வசதி. ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். காட்டில் கறுப்புக் குரங்குகள் உண்டு. நம் ஊர்க் குரங்கு மாதிரி பையைப் பிடுங்காமல் மேலேயே உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கின்றன. இனிப்பு ஆரஞ்சு என்று பெயர் வைத்த அருவி இருக்கிறது. ஆரஞ்சைத்தான் காணோம். விடியலுக்கு முன் மசூதிகளிலிருந்து பாங்கு ஒலிக்கும். தூக்கம் கலைகிறதே என்று சலித்துக்கொள்ளாமல் எழுந்து வயல் பக்கம் நடந்தால், ரிஞ்சானி மேகப் போர்வையை விலக்குவதைப் பார்க்கலாம்.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

மைத்துனர் ஏற்பாடு செய்த தரகர் மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இடத்தைக் காட்டினார. படத்தில் இருந்த அதே இடம்! எனக்கு அங்கேயே வில்லா தெரிந்தது. நீச்சல் குளம் தெரிந்தது. அதில் நான் மிதப்பதும் தெரிந்தது. தரகர் 'மோடல்' எவ்வளவு கையிலிருக்கிறது என்று விசாரித்தார். நம் 'முதல்' தான் கப்பலேறி அங்கே மோடல் ஆகியிருக்கிறது. கடையும் அப்படியே, அங்கே கெடாய்.

"வெளிநாட்டுக்காரர் பேரிலே முடியாது. என் பேரிலே வாங்கிடலாம். நிலம் உங்களுடையதுன்னு தனியா எழுதித் தந்துடறேன்" என்றார் தரகர்.

"இதுக்கு நம்ம ஊர்லே பினாமின்னு பேரு" என்றாள் மனைவி, தமிழில், புன்னகை மாறாமல்.

அடுத்த நாள் செலோங் டவுனில் பத்திரம் எழுதும் நோட்டாரிஸ் அம்மாளிடம் போனோம். அவர் சட்டப் புத்தகத்தையே திருப்பிக் காட்டினார். 1960-ஆம் ஆண்டு 5-ஆம் எண் நிலச் சட்டம். முழு உரிமையான 'ஹாக் மிலிக்' இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். 26-ஆவது பிரிவின்படி, அதை நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு மாற்றினால் அந்த விற்பனை செல்லாது. நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது! கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

நேர் வழிகளும் இருக்கின்றன. அங்கே வசிக்க அனுமதி பெற்றவர் வீட்டுக்கு 'ஹாக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை வாங்கலாம்: முதலில் 30 வருஷம், பிறகு 20, பிறகு 30. கம்பெனி தொடங்கலாம், ஆனால் நிலம், கட்டடம் நீங்கலாகவே ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் கணக்கில் ஐந்து கோடிக்கு மேல். (மைத்துனரிடம் கேட்கலாம் என்றேன். மனைவி பேசவில்லை.) எளியது குத்தகை. இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்பார்கள்.

"உங்களுக்கு இப்ப அறுபத்தொண்ணு" என்றாள் மனைவி. அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

அந்த அம்மாள் இன்னும் சொன்னார். வரி ரசீதைக் காட்டி விற்பார்கள். அது உரிமைப் பத்திரம் ஆகாது. நில அலுவலகத்தில் செர்டிபிகாட்டைச் சரிபார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நெல் வயலா என்றும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் 41-ஆம் சட்டம் அதில் கட்டடம் எழுப்ப விடாது. அப்புறம் பூகம்பம். 2018 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வந்ததில் இந்தத் தீவில் 500-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வடக்குப் பக்கம்தான் பலத்த அடி. இருந்தாலும் வீடு கட்டுபவர் தூணையும் கம்பியையும் முதலில் யோசிக்க வேண்டும்.

குத்தகை என்ற ஆசை மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அந்த வயலை இன்னொரு தடவை பார்க்கப் போனேன். வரப்பில் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"தண்ணி பார்க்கிறேன், பாக்."

மலையிலிருந்து வரும் நீர் முதலில் அந்தப் பத்து ஏரில் விழுகிறது. அது நிரம்பி, மடை வழியே அடுத்த வயலுக்கு. அடுத்த வயல் அவருடையது. மூன்று நாளாக எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்த மனிதர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை!

"மேலே வில்லா வந்தால் தண்ணி?"

அவர் மடையில் அடைத்திருந்த சருகை எடுத்துப் போட்டார். "கட்டுறவர் நல்லவரா இருந்தா வாய்க்கால் விடுவார்" என்றார்.

நான் நல்லவன்தான் என்று சொல்ல வாய் வந்தது. என் நீச்சல் குளமும் கூடவே ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜூனில் ஒரு மாதம் முழுக்க அதே அறை வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்தேன். "இப்படியும் குத்தகை எடுக்கலாம்" என்றாள் மனைவி. மைத்துனர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

போன வாரம் வீட்டுக்காரர் படம் அனுப்பியிருந்தார். அவர் வயலில் புகையிலை நட்டிருக்கிறார். மேல் வயலின் ஓரத்தில் யாரோ நாலு மூங்கில் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.