மெல்பேர்ணில் ஒரு கிரேக்கக் கடை

மெல்பேர்ண் மாநகரின் தென்கிழக்கே ஓக்லி என்றோர் ஊர் உண்டு. புகையிரத நிலையத்தினின்றும் வெளிப்பட்டுச் சிறிது தூரம் நடந்தால் கடைப் பலகைகளிலே கிரேக்க எழுத்துக்கள் தென்படும். வயோதிபர்கள் வீதியோரத்து மேசைகளில் அமர்ந்து, கோப்பி அருந்தியவாறு உரத்த குரலிற் பேசிக்கொண்டிருப்பார்கள். மார்கழி விடுமுறையில் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்த நான், அவளுடைய பதினைந்து வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு மாலை அங்கே போனேன். நம் சங்கப் புலவர்கள் யவனர் என்று பாடியோருட் கிரேக்கரும் அடங்குவர். அவர்களது உணவைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை ஒரு சரித்திர ஆசிரியனுக்கு எழுவது குற்றமன்றே!

வெள்ளிக்கிழமை அல்லாத நாளாகப் பார்த்தே சென்றோம். ஆயினும் கடை வாயிலில் எனக்கோர் ஐயம். நிலைக்குத்தாக நிறுத்திய கம்பியொன்றிலே அடுக்கடுக்காகக் குத்திய இறைச்சி அனலின் முன் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. "மாடோ?" என்று மருமகனின் காதோடு வினவினேன். செம்மறிதான் என்று ஆங்கிலத்திற் கூறினான். தமிழிற் கேட்டால் ஆங்கிலத்திற் பதிலிறுப்பது அவன் வழக்கம். அதுபற்றி எனக்கும் தங்கைக்கும் முதல்நாளே சிறு மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தது.

கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்கவர். நீண்ட கத்தியால் வெந்த புறத்தை மெல்லியதாகச் சீவி, பீற்றா என்னும் தட்டை ரொட்டியிற் பரப்பி, தக்காளியும் வெங்காயமும் இட்டு, தயிரிலே வெள்ளரிக்காயும் உள்ளியும் கலந்த ஸட்சீகியை மேலே ஊற்றி, கடதாசியிற் சுற்றித் தந்தார். ஸட்சீகி நமது தயிர்ச் சம்பலுக்கு நெருங்கிய உறவு. முதற் கடியில் உறைப்பில்லையே என்று நாக்குக் குறைப்பட்டது. இரண்டாம் கடியில் கருகிய ஓரத்தின் மணமும் தயிரின் குளிர்ச்சியும் ஒன்றுசேர, அக்குறை மறந்துபோயிற்று. சாறு முழங்கைவரை வழிந்ததை மருமகன் கண்டு நகைத்தான்.

மெல்பேர்ண் மக்கள் இதனைச் சுவ்லாக்கி என்பர். கிரேக்கத்திலோ சுவ்லாக்கி என்பது சிறு கம்பியிற் கோத்துச் சுட்ட துண்டுகளையே பெரிதும் குறிக்கும். இவ்வாறு சுழலும் இறைச்சிக்கு யீரோஸ் என்று பெயர். அதன் பொருள் சுழற்சி. துருக்கியரின் டோனர் என்பதற்கும் பொருள் அதுவே. சிறு கம்பியிற் சுடுவது கிரேக்கருக்கு மிகப் பழைய வழக்கம்: எரிமலைச் சாம்பலில் மூடுண்ட சந்தொரினித் தீவின் அக்குரோத்திரி நகரிலே, 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கம்பி தாங்கிகள் கிடைத்திருக்கின்றன. சுழலடுப்போ துருக்கியர் நாட்டிலிருந்து வந்தது. 1922 இல் சிமிர்னா நகர் எரிந்தது. மறு ஆண்டு லோசானில் மதத்தை அளவுகோலாகக் கொண்டு குடிமாற்ற உடன்படிக்கை செய்தனர். சின்ன ஆசியாவிலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டு இலட்சம் கிரேக்கர் வீடுவாசலிழந்து கிரேக்கம் புகுந்தனர். நான்கு இலட்சம் வரையான முஸ்லிம்கள் எதிர்த்திசையிற் சென்றனர். வந்தவர்களிற் பலர் சமையலையே பிழைப்பாக்கிக் கொண்டார்கள்.

கடைக்காரரின் பாட்டியாரும் சிமிர்னாவிலிருந்து வந்தவரே. அவர்தாம் சிறுவயதில், 1963 இல், பெற்றோருடன் கப்பலேறி இங்கு வந்தாராம். பேரப் பிள்ளைகள் கிரேக்கம் பேசுவார்களா என்று கேட்டேன். சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், இக்கடையில் உணவு கேட்டு வாங்கும் அளவுக்குப் பேசுவார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். பின்பு கத்தியைத் துடைக்கத் தொடங்கினார். மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

மருமகன் கடதாசியைக் கசக்கியபடி இதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"மாமா, அம்மாவுக்கும் ஒண்டு வாங்குவமோ? உள்ளி... கூடப் போடச் சொல்லட்டோ?" என்றான். சொற்கள் தடுக்கித் தடுக்கியே வந்தன.

"சொல்லு, ராசா" என்றேன்.