அம்மாவின் விரல் கள்ளி

பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்து லயத்தில், பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தின் கீழே ஒரு பழைய மைலோ டின் இருக்குமாம். அதில் சுண்டுவிரல் சுண்டுவிரலாகக் கொத்தாய் வளர்ந்த ஒரு கள்ளி. வருடத்துக்கு ஒருமுறை, விரலைவிடப் பெரிய பூவாக, செக்கச்செவேலென்று பூக்குமாம். நான் பார்த்ததில்லை. தாத்தா வேலை ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது எனக்கு மூன்று வயது.

கிள்ளானுக்கு இறங்கி வந்தபோது அம்மா நான்கு விரல்களை ஒடித்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்து வந்தார். எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் அது வளர்ந்தது. மெலிந்து, வெளுத்து, நீண்டுகொண்டே போனது. பூக்கவே இல்லை. பாதி அழுகும், நல்லதை ஒடித்து அம்மா மறுபடி நடுவார். "மண்ணு மாறிடுச்சிய்யா, அதான்" என்பார். பிரிஞ்சாங் போகலாமா என்று கேட்டால், "அங்க நமக்கு என்னா வீடா இருக்கு?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

ஒருமுறை நண்பர்களோடு மலைக்குப் போனபோது, சாலையோரக் கடையில் மஞ்சள் பூவோடு ஒரு குட்டிக் கள்ளி வாங்கி வந்தேன். ஒரு மாதமாகியும் பூ வாடவில்லை. அம்மா நகத்தால் நெம்பிப் பார்த்தார். காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். "பூக்கலன்னாலும் பரவால்ல, பொய்யா பூக்க வேணாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையான பூவைக் காட்டியே தீருவது என்று இறங்கினேன்.

முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும். அடுத்த முறை பிரிஞ்சாங்கில் ஒரு கள்ளித் தோட்டத்தில் கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு தொட்டிகளை எடுத்து வைத்தார். "தடவிப் பாருங்க தம்பி." ஒன்றில் சின்னச் சின்ன மொட்டு மொட்டாகப் புடைப்புகள். அது மாமிலேரியா வகை. பூவும் சிறியது, வெளிர்மஞ்சள். மற்றதில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள், மெல்லிய வெள்ளை முள். அதுதான் அம்மாவுடையது. நிலக்கடலைக் கள்ளி என்கிறார்கள். இளங்கிளைகள் கடலைக்காய் போலவே இருக்கும். பூ சுமார் 5 சென்டிமீட்டர்.

இதன் சொந்த ஊர் அர்ஜெண்டினாவின் வடமேற்கு மலைப்பகுதி. 1905இல் ஸ்பெகசினி என்ற தாவரவியலாளர் இதைப் பதிவு செய்தார். அங்கே குளிர்காலம் வறண்டிருக்கும். அந்தக் குளிரும் வறட்சியும்தான் இதை மொட்டு வைக்கத் தூண்டுகின்றன. கிள்ளானில் இரவிலும் புழுக்கம். போதாக்குறைக்கு அம்மா தினமும் தண்ணீர் ஊற்றினார். பாட்டியோ லயத்துப் பொதுக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரைக் கள்ளிக்கு எங்கே ஊற்றப் போகிறார்? தாழ்வாரம் மழையையும் தடுத்தது. அக்கறையில்லாமல் விட்டதுதான் அங்கே பராமரிப்பாகிவிட்டது.

ஆறு விரல்களை ஒடித்து, வெட்டுவாய் காய நான்கு நாள் நிழலில் போட்டேன். பாதிக்குப் பாதி கரடுமணல் கலந்த மண்ணில் நட்டு, பிரிஞ்சாங்கில் இருக்கும் சின்னம்மாவிடம் கொடுத்தேன். வெயில் படுகிற, மழை படாத இடம். வேர் பிடித்த பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் ஒரு சொட்டும் வேண்டாம். முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் பிப்ரவரி கடைசியில் வாட்சாப்பில் ஒரு படம் வந்தது: விரலின் பக்கவாட்டில் ரோமம் போர்த்திய ஒரு மொட்டு.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "எப்ப போலாம்?" என்றார்.

தாப்பா வழியாக வளைந்து வளைந்து ஏறினோம். ரிங்லெட் தாண்டியதும் அம்மா சன்னலை இறக்கினார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பூ விரிந்தது. அம்மா தன் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"நான்தான் ஊத்தி ஊத்திக் கெடுத்திருக்கேன்" என்றார். பிறகு, "லயத்துப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்று அவரே கேட்டார்.

பாட்டி வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அம்மா சாலையில் நின்றபடியே தாழ்வாரத்தைப் பார்த்தார். உள்ளே போகவில்லை, அழவும் இல்லை. திரும்பி வருவதற்குள் பூ மூடத் தொடங்கியிருந்தது. இரண்டொரு நாள்தான் அதன் ஆயுள்.

கிள்ளான் தொட்டி இன்னும் சன்னலோரம் இருக்கிறது. அதில் பூவை எதிர்பார்ப்பதில்லை. தண்ணீரைக் குறைத்ததில் அழுகல் நின்றுவிட்டது. அடுத்த பிப்ரவரிக்கு விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லி, அம்மா இப்போதே நச்சரிக்கிறார்.